மஞ்சளில் முக்கிய சட்டை

மகளின் வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணும்போது ஆரோ வீட்டுச் சலவைத்தூள் வாசம் எழுந்தது. பழைய உடுப்புக் கடையில் வாங்கியது. நாளைக்கு அவளுக்கு முதல் வெஸ்டர்ன் குதிரைப் போட்டி, கௌபோய் பாணிக் குதிரையோட்டம்.

யூரோக் காசு வந்த புதிதில் எனக்கும் ஜேர்மனியில், வுப்பர்டாலில் அப்படியொரு போட்டி வந்தது. ஜீன்ஸ் என்னிடம் இருந்தது. தொப்பியும் பூட்ஸும் இரவல். நீளக்கை வெள்ளைச் சட்டை மட்டும் போதும் என்று குதிரையோட்டம் பழக்கிய ரீச்சர் சொன்னதால், பழைய சாமான் சந்தையில் ஒன்றை எடுத்து வந்தேன்.

அம்மா முகத்தைச் சுளித்தா.

"ஆரோ போட்டதை அப்பிடியே போட ஏலாது பிள்ளை."

ஊரில் புது உடுப்பின் மூலையில் மஞ்சள் தொட்டு வைப்பினம். பழசுக்கு ஒரு பொட்டு காணாது என்று நினைத்தாவோ என்னவோ, வாளியில் மஞ்சளைக் கரைத்துச் சட்டையை முழுதாக முக்கிவிட்டா. நான் அழுதபடி சவுக்காரம் போட்டுத் தேய்த்தேன். சட்டை சிவந்தது. அலசியதும் திரும்ப மஞ்சளானது.

அடுத்தநாள் மைதானத்தில் எல்லாரும் வெள்ளை, நான் மட்டும் மஞ்சள். கடைசி இடம்தான் கிடைத்தது. குதிரைக்குப் பயந்து கார் நிறுத்துமிடத்திலேயே நின்ற அம்மாவிடம் கோபமாகப் போனேன்.

"எல்லாம் இந்தச் சட்டையாலதான்!"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. இவ்வளவு தூரத்திலயும் உன்னை ஒருக்காலும் தவறவிடேல்லை."

நாளைக்கு அம்மாவும் வாறா. இப்போது அவவுக்குப் பார்வை மங்கல்.

அயர்னை நிறுத்திவிட்டு, மஞ்சள் போத்தலை எடுக்கப் போனேன்.