கழற்றாத கண்ணாடி

கண்புரை ஆப்பரேஷன் முடிந்து கட்டைப் பிரித்த அன்று, நர்ஸ் பெண் என் பழைய மூக்குக்கண்ணாடியை ஒரு காகித உறையில் போட்டுக் கொடுத்தாள். "தாத்தா, இனிமே இது உங்களுக்கு வேணாம். ஞாபகத்துக்கு வெச்சுக்குங்க" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். காக்ஸ் டவுனில் என் வீடு வரும்வரை ஆட்டோவில் அந்த உறையை மடியிலேயே வைத்திருந்தேன்.

என் கண்ணாடிக்கு ஒரு காலத்தில் சிவாஜிநகர் அரசியலில் வேலை இருந்தது. சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

அருள்தாஸ் அண்ணன் அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தவர். தெருவுக்குக் குழாய் கேட்டு, பெண்களோடு காலிக் குடங்களை அடுக்கி மாநகராட்சி வாசலில் உட்கார்ந்தார். குழாய் வந்தது. அடுத்த தேர்தலில் அந்தப் பெண்களே அவரைக் கவுன்சிலராக்கினார்கள். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். பாடம் முடிந்ததும் அவர் கடைக்குப் போய்விடுவேன். கொதிக்கும் மைதா பசையில், பூச்சி அரிக்காமலிருக்க, மயில்துத்தத்தைப் போட்டதும் ஒரு வாடை கிளம்பும் பாருங்கள், போஸ்டர் ஒட்டியவர்களுக்கு அது தெரியும். அந்த வாடையோடுதான் வீட்டுக்கு வருவேன். என் மனைவி எனக்கென்று தனிச் சோப்பு வைத்திருந்தாள்.

அண்ணனுக்குக் கன்னடமும் தமிழும் ஒரே வேகத்தில் வரும். உருது கடைத்தெரு கொடுத்தது. மேடை ஏறினால் மட்டும் எப்போது எதற்கு மாறுவது என்று குழம்புவார். அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்துக்கொள்வேன். கண்ணாடியைக் கழற்றினால் அவர் தமிழுக்கு மாறவேண்டும், மாட்டினால் கன்னடம். ஒருநாள் வியர்வையைத் துடைக்க யோசனையில்லாமல் கழற்றிவிட்டேன். சாக்கடையைப் பற்றிக் கன்னடத்தில் ஆரம்பித்த வாக்கியத்தை மனிதர் தமிழில் முடித்தார். கூட்டம் விசிலடித்தது. கீழே இறங்கியதும், "வாத்தியாரே, உன் மூஞ்சி வேர்த்தா என் பாஷை மாறுதுய்யா" என்றார்.

பிறகு சட்டசபைக்கு நின்றார். காவிரித் தகராறு சூடாக இருந்த நேரம். எங்கள் பக்கத்தில் ஒரு தையல் கடையின் தமிழ்ப் பலகையில் யாரோ தார் பூசியிருந்தார்கள். கடைசிக் கூட்டம் அவருடைய சொந்தத் தெரு முனையிலேயே நடந்தது. கட்சி மேலிடத்திலிருந்து வந்திருந்த ஒருவர் மேடையில் இருந்தார்.

மேடைக்குப் பின்னால் அண்ணன் என் தோளைப் பிடித்தார். "நம்ம ஜனம் உக்காந்திருக்கு வாத்தியாரே. ரெண்டு வார்த்தையாச்சும் தமிழ்ல பேசணுமே?"

"இன்னிக்கு வேணாம்ணா. மேலிடத்து ஆளு பாக்குறாரு. ஜெயிச்சப்புறம் தாராளமா பேசலாம்."

அவர் என் தோளை விட்டார். "சரி. எதுக்கும் கண்ணாடிய பாத்துக்கிறேன்."

கன்னடத்தில் நன்றாகத்தான் பேசினார். பாதியில், மீன் விற்கும் ரோசம்மா கூட்டத்திலிருந்து எழுந்தாள். குடங்களோடு உட்கார்ந்தவர்களில் அவளும் ஒருத்தி. "ஏம்பா அருளு, எங்களாண்டயுமா கன்னடம்? நாங்க என்ன சட்டசபையா? தமிழ்ல சொல்லுப்பா, கேட்டுட்டு போறோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். சிரித்தபடியே என்னைப் பார்த்தார்.

என் கை கண்ணாடிவரை போனது. நான் அதைக் கழற்றவில்லை. மூக்கில் இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டு, மேலிடத்து மனிதரின் முகத்தைப் பார்த்தேன். அவர் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் கவனிக்கக்கூட இல்லை.

அண்ணன் கன்னடத்திலேயே பேசி முடித்தார். ரோசம்மா அதற்குள் போய்விட்டிருந்தாள். அவளோடு ஒரு வரிசையே எழுந்து போயிருந்தது.

அதைத் தந்திரம் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பயம். தார் பூசிய பலகையைப் பார்த்து வந்த பயம். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. எம்.எல்.ஏ.வின் ஆள் என்று நாளைக்கு நான் நடக்கப்போகும் நடையை அதற்குள் மனசில் நடந்து பார்த்துவிட்டேன். மீன்காரம்மா கேட்டாள் என்பதற்காக அதை இழக்க எனக்கு மனமில்லை.

ஓட்டுப்போடும் அன்று, அண்ணன் குழாய் கொண்டுவந்து கொடுத்த தெருவில் பாதிப் பேர் சாவடிக்கு வரவில்லை. கூப்பிடப் போனேன். ரோசம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "எதிர்க்கட்சிக்கு போட்றமாட்டோம், பயப்படாத வாத்யாரே. எங்களப் பாத்து கூச்சப்படுறவனுக்கும் போடமாட்டோம்."

அண்ணன் தோற்றார். அதற்குப் பிறகு கட்சி அவருக்கு வார்டுகூடத் தரவில்லை. மறுபடி சைக்கிள் கடையில் உட்கார்ந்தார். ரோசம்மா சொன்னதை அவரிடம் சொல்ல எனக்குப் பல வருஷம் ஆனது. ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டார். "விடு வாத்தியாரே. கண்ணாடி உன்னுது. வாய் என்னுதுதானே?" என்றார். திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.

அவரும் போய்விட்டார், ரோசம்மாவும் போய்விட்டாள். அவள் மகன் வீட்டை விற்றுவிட்டுப் பொம்மனஹள்ளிப் பக்கம் குடிபோனான் என்று கேள்வி. சைக்கிள் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள்.

இப்போது மறுபடி தேர்தல். நேற்றுச் சாயங்காலம் பிரச்சார ஆட்டோ ஒன்று எங்கள் தெருவுக்குள் வந்தது. எங்கள் நாளில் தெரு முனையில் ஆட்டோ நிற்கும். மைக்கை அணைக்கும் 'டொக்' சத்தம் கேட்கும். யாராவது தொண்டையைச் செருமுவார்கள். அடுத்த தெருவின் பாஷையில் குரல் தொடங்கும். அந்தச் சின்ன இடைவெளியில், இனி நம்மோடு பேசப்போகிறார்கள் என்று ஜன்னல்கள் திறக்கும். நேற்று வந்தது பதிவு செய்த குரல். எல்லாத் தெருவுக்கும் அதே குரல்தான்.

ஆட்டோ முனைக்கு வந்தபோது என் கை தானாக முகத்துக்குப் போனது. வெறும் காதுமடல்தான் விரலில் பட்டது. ஆட்டோ நிற்காமல் திரும்பிப் போனது.