மூன்று தடவை கூப்பிட்டார்கள்

அப்பா செத்துப்போனதைக் கோர்ட்டில் எழுதி வாங்கத்தான் அன்றைக்கு அம்மாவும் நானும் போனோம். எனக்கு ஒன்பது வயது. ஏழு வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடியிலிருந்து தனியாக மீன்பிடிக்கப் போனவர் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் வேம்பார் பக்கம் காலியாக ஒதுங்கியது. செத்தார் என்று ஒரு தாள் கிடைக்காவிட்டால் வீடு அம்மா பேருக்கு மாறாது. பெரியப்பா வேறு, எப்போது வீட்டைக் காலி பண்ணுகிறீர்கள் என்று வாரத்துக்கு ஒருதரம் வந்து நிற்பார்.

வழக்குப் போட்ட அம்மா வாதி, அப்பா பிரதிவாதி என்று வக்கீல் எனக்கு விளக்கினார். காணாமல் போனவருக்குச் சம்மன் எப்படிப் போகும் என்று கேட்டேன். அப்போதே எனக்கு வாய் நீளம்.

"பேப்பர்ல விளம்பரம் குடுத்தாச்சும்மா. இன்னைக்குப் பேர் சொல்லி மூணு தடவ கூப்பிடுவாவ. ஆள் வரலன்னா எக்ஸ்பார்ட்டி. அவரு இல்லாமலே கேஸ் நடக்கும்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடலோடு போனவர் பேரை எங்கள் தெருவில் உரக்கச் சொல்லமாட்டார்கள். சொன்னால் பேயாக வந்துவிடுவார்களாம். இங்கே என்னடாவென்றால் சர்க்காரே கூப்பிடப்போகிறது!

பட்டப்பகல் பன்னிரண்டு மணி. கோர்ட்டுச் சேவகர் டவாலி வராந்தாவில் நின்று அப்பா பேரைத் தாத்தா பேரோடு சேர்த்துக் கூப்பிட்டார். இரண்டாம் தடவை சன்னல் வழியாகப் பார்த்தேன். வேப்பமரத்தடியில், பைக்குகளுக்கு நடுவே ஒருவர் நின்றிருந்தார். வீட்டுப் படத்தில் இருக்கிற அதே மூக்கு, அதே வெட்டுப்பட்ட புருவம். தாடி மட்டும் நரைத்திருந்தது. மூன்றாம் தடவை அவர் வாய் லேசாகத் திறந்தது. சத்தம் வரவில்லை.

அம்மாவின் சேலையை இழுத்தேன். அம்மா ஏற்கெனவே அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூண்டேறிச் சத்தியப் பிரமாணம் எடுத்தாள். புருஷனைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார் வக்கீல்.

"ஏழு வருசமாச்சுய்யா. அதுக்குப் பெறவு அவுகள நான் கண்ணால காணல."

சன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல்தான் சொன்னாள். குரல் பிசகவே இல்லை. மரத்தடி ஆள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார்.

வெளியே வந்ததும், "ஏளா, யாரையாச்சும் பாத்தியா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா."

பேய் பெரியவர்கள் கண்ணுக்குத் தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொள்வோம். அதனால் அம்மா பார்த்தது வெறும் மரத்தைத்தான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்த அன்றைக்கு அம்மா நடுவீட்டில் விழுந்து அழுதாள். ஏழு வருஷத்தில் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. கேஸில் ஜெயித்தவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.