மடையை மூடிய நாள்

"கண்ணுக்கே தெரியாத பூச்சிய படிச்சி நீ இன்னாத்த கிழிக்கப் போற?"

திருப்பதியில் நுண்ணுயிரியல் முதுகலையில் நான் சேர்ந்தபோது மாமா கேட்டது இது. அத்தையின் கணவர், ஆந்திர எல்லைக்குள் எங்கள் பக்கத்துச் சாந்திபுரத்தில் உரக்கடை வைத்திருப்பவர். எங்கள் வீட்டிலோ எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. "பாப்போம் மாமா" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த கோடை விடுமுறையில் ஊருக்குப் போனால், எங்கள் தக்காளி வாடிக்கொண்டிருந்தது. தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் உழைத்த பிறகு எங்கள் பேரில் வந்த ஒரே ஏக்கர் அது. தெருவில் பாதி வீடுகளுக்குப் பூட்டு; எல்லோரும் பெங்களூரில் கட்டட வேலை. "இந்தப் பயிரும் போச்சுனா நானும் உங்கம்மாவும் பஸ் ஏற வேண்டியதுதான்" என்றார் நைனா.

மேல் பாத்திகளில் செடிகள் மஞ்சளாகக்கூட மாறாமல், பச்சையாகவே தலை தொங்கின. கீழ்ப் பாத்திகள் நன்றாக நின்றன. மாமா கொடுத்த பவுடரைத் தெளித்துவிட்டு, கரண்ட் வரும்போதெல்லாம் நைனா மோட்டாரைப் போட்டார். வாடிய செடிக்குத் தண்ணீர் காட்டுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அந்தத் தண்ணீர் மேல் பாத்தியை நனைத்துவிட்டு அப்படியே கீழே ஓடியது.

ஒரு தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்து, தெளிந்த தண்ணீர் ஊற்றி, வாடிய செடியின் அடித்தண்டை வெட்டி அதில் முனை படும்படி பிடித்தேன். சற்று நேரத்தில் தண்டிலிருந்து வெள்ளை நூல் நூலாக இறங்கியது.

"இன்னாடி இது, செடி பால் கறக்குது" என்றாள் அம்மா.

"பால் இல்லம்மா. அத்தினியும் பாக்டீரியா."

நைனாவுக்கு விளக்கினேன். அந்தக் கிருமி தன் உடம்பிலேயே ஊசி போல ஒரு குழாயைக் கட்டுகிறது. அதன் வழியாகத் தன் புரதங்களை நேராகச் செடியின் செல்லுக்குள் தள்ளுகிறது. செடி எதிர்க்கத் தொடங்கும் முன்பே அதை அவை அடக்கிவிடுகின்றன. ஊசி கட்ட முடியாதபடி மாற்றிய அதே கிருமியை எங்கள் ஆய்வகத்தில் தக்காளிக்குக் கொடுத்துப் பார்த்தோம். செடி வாடவே இல்லை.

பைக்கில் வந்திறங்கிய மாமா கேட்டுக்கொண்டே நின்றார். "சரி டாக்டரம்மா, மருந்து இன்னா?"

"வந்துட்ட செடிக்கு மருந்து இல்ல மாமா. உங்க பவுடர் பூஞ்சைக்கு. இதுக்கு வேலை செய்யாது."

"மருந்தே இல்லாத நோய படிக்க திருப்பதி வரைக்கும் போவணுமா?"

அப்போது கரண்ட் வந்தது. நைனா மோட்டார் பக்கம் நடந்தார். நான் மம்பட்டியை எடுத்து, மேல் பாத்தியிலிருந்து கீழே தண்ணீர் இறங்கும் மடையை மண் போட்டு மூடி, அதன்மேல் ஏறி நின்றேன்.

"தள்ளு, செடி சாவுது."

"மேல இருக்கறது செத்துப்போச்சி நைனா. அதுல பட்ட தண்ணி எறங்குனா கீழயும் சாவும். கீழுக்கு தனியா பைப்பு போடலாம்."

"பொண்ணு பேச்ச கேட்டுக்கினு செடிய காயப் போடப் போறியா?" என்றார் மாமா.

நைனா பாட்டிலைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மாமாவிடம் திரும்பினார். "நெலத்து பத்திரம் தெலுங்குல வந்தப்போ இவதான் மச்சான் படிச்சி சொன்னா. இதயும் இவளே படிக்கட்டும்."

மேல் பாத்திச் செடிகளை வேரோடு பிடுங்கி, இருந்த இடத்திலேயே எரித்தோம். பூவும் பிஞ்சுமாக எரிந்தன. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கீழே ஓரத்தில் சில செடிகள் பிறகு வாடின. மற்றவை நின்று காய்த்தன. அவர்கள் பஸ் ஏறவில்லை.

"அது அதுவா நின்னிருக்கும்" என்கிறார் மாமா இன்றுவரை. சொல்லட்டும். மருந்து இல்லை என்று நான் சொன்னது உண்மை. அந்த உண்மையோடு சும்மா இருக்க எனக்கு மனமில்லை.

பஸ் ஏறியது நான்தான், எரிக்காமல் வைத்த ஒரு தண்டைப் பையில் சுற்றிக்கொண்டு. இப்போது முனைவர் பட்ட ஆய்வுக்கு எங்கள் நிலத்துக் கிருமியையே எடுத்திருக்கிறேன். அதன் ஊசி தள்ளும் புரதங்களில் ஒன்றின் மரபணுவைப் போன வாரம் நீக்கி முடித்தேன். அந்த ஒரு புரதம் இல்லாமலும் செடி வாடுமா என்று பார்க்க, இன்று காலை அந்தக் கிருமியைத் தக்காளி நாற்றுகளின் வேரடியில் ஊற்றிவிட்டேன்.