கடலில் காணாமற்போன மணித்தியாலங்கள்

பிரசாந்தினிக்கு என்.வி.கியூ. என்கிற தொழிற்தகைமையின் நான்காம் மட்டச் சான்றிதழ் தபாலில் வந்த நாளிலிருந்து, திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் அவளைக் கண்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். இதை வைத்துக்கொண்டு என்ன வேலை எடுக்கலாம்? அவளுக்கு அந்தக் கேள்வியில் கோபம் வரவில்லை. அவளுக்கே அது தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையாகவும் இருந்தது. கணினி வன்பொருள் தொழில்நுட்பவியலாளர் என்று சான்றிதழில் மூன்று மொழிகளிலும் அச்சிட்டிருந்தார்கள். அப்படியொரு ஆள் தேவை என்று திருகோணமலையில் யாரும் விளம்பரம் போட்டதை அவள் காணவில்லை.

கூடப் படித்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் எடுத்து விசாரித்தாள். ஒருத்தன் கட்டாரில் சுப்பர்மார்க்கெட்டில் வேலைக்கு நின்றான். ஒருத்தி தையல் தொழிற்சாலையில் வரவு பதிகிற இடத்தில் இருந்தாள். மூதூர்ப் பக்கம் ஒருவன் தகப்பனோடு வயலுக்குப் போய்க்கொண்டிருந்தான். "கம்பியூட்டரைக் கழட்டிப் பாக்கிற வேலை ஏதும் செய்யிறியா?" என்று எல்லாரிடமும் கேட்டாள். ஒருவரும் ஓம் என்று சொல்லவில்லை.

அப்பா குலசிங்கம் துறைமுகத்தில் காவல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அரசாங்க வேலை விளம்பரம் வந்தால் பத்திரிகையில் வெட்டியெடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைப்பார். அவளும் ஒன்று விடாமல் விண்ணப்பித்தாள். இரண்டு நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டிலும் பட்டம் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

கடைசியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் றுமைஸ் நடத்திய கடையில் சேர்ந்தாள். போட்டோக்கொப்பி எடுப்பது, கடிதம் அடிப்பது, ஆட்களுக்கு இணையத்தில் படிவம் நிரப்பிக் கொடுப்பது. கணினியைத் திறந்து பார்க்கிற வாய்ப்பு மாதத்தில் ஒருமுறை வந்தால் பெரிய விஷயம். ஆனால் அங்கே வருகிறவர்களின் கதையைக் கேட்பது அவளுக்குப் பிடித்திருந்தது. வெறுமனே அடித்துக் கொடுத்துவிட்டுப் போகமாட்டாள். ஏன், எப்படி என்று இரண்டு கேள்வி கேட்பாள். றுமைஸுக்கு அது சிலவேளை எரிச்சலாக இருக்கும். வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று கண்ணால் காட்டுவார்.

அப்படித்தான் ஒருநாள் கிண்ணியாவிலிருந்து சரீப் ஹாஜியார் வந்தார். கிழமைக்கணக்காகக் கடலில் நின்று சூரை மீன் பிடிக்கிற பெரிய படகொன்று அவருக்கு இருந்தது. கடற்றொழில் அலுவலகத்துக்கு விளக்கக் கடிதம் ஒன்று அடிக்க வேண்டும் என்றார். அந்த மாதிரிப் படகுகளின் உச்சியில் ஒரு கருவி பூட்டியிருக்கும். படகு எங்கே நிற்கிறது என்பதை மணித்தியாலத்துக்கு ஒருமுறை செய்மதி வழியாக அது அலுவலகத்துக்கு அறிவிக்கும். சரீப்பின் படகு கடைசி மூன்று பயணங்களிலும் இடையிடையே காணாமற் போயிருந்தது. வேண்டுமென்றே கருவியை நிறுத்திவிட்டு எல்லை தாண்டிப் போனீர்களா என்று அலுவலகம் கேட்டிருந்தது. சரியான காரணம் சொல்லாவிட்டால் அடுத்த பயணத்துக்கு அனுமதி இல்லை.

"கொழும்பிலயிருந்து ஆள் வந்து மிசினையே மாத்திக் குடுத்தாங்க மகள்," என்றார் சரீப். "புதுசும் அதே மாதிரித்தான் நிக்கிது. நான் என்னத்த எழுதுற?"

அலுவலகம் அனுப்பிய கடிதத்தோடு ஒரு தாள் இணைத்திருந்தது. அறிவிப்பு வராமற்போன நாட்களும் நேரங்களும் அதில் வரிசையாக இருந்தன. பிரசாந்தினி கடிதத்தை அடித்து முடித்தாள். பிறகு அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டுச் சரி என்றார்.

மத்தியானம் கடையில் ஆள் குறைந்த நேரத்தில் அந்த நேரங்களைக் கணினியில் ஒரு அட்டவணையாகப் போட்டாள். போட்டு முடித்ததும் கதிரையை இழுத்துக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனாள். ஒவ்வொரு பயணத்திலும் முதல் நான்கு நாட்களில் ஒரு அறிவிப்பும் தவறவில்லை. கடைசி நான்கு நாட்களிலும் தவறவில்லை. நடுவில்தான் எல்லாம். அதிலும் பின்னேரம் இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில்தான். ஒளித்து ஓடுகிறவன் தினமும் பின்னேரம் இரண்டு மணிக்கா ஓடுவான்?

அவள் சரீப்புக்குப் போன் எடுத்து, அந்த நேரத்தில் படகில் என்ன நடக்கும் என்று கேட்டாள். தனக்குத் தெரியாது, ஸ்கிப்பரைத்தான் கேட்க வேண்டும் என்றார். படகை ஓட்டிப்போகிற இராகுலனின் இலக்கத்தைக் கொடுத்தார். இராகுலன் முதலில் சுருக்கமாகத்தான் பதில் சொன்னான். போகும்போதும் வரும்போதும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் தொழில் நடக்கிற நாட்களில் காலையில் தூண்டில் இழுத்து முடிந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டுப் படகை நீரோட்டத்தில் விட்டுவிடுவார்கள். பின்னேரம் ஓய்வு. இருட்டுமுன் திரும்பவும் தூண்டில் போடுவார்கள்.

எஞ்சின் நின்றால் பற்றரிதான். வகுப்பில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது: எந்தப் பெட்டி வேலை செய்யாவிட்டாலும் அதைக் கழற்ற முன்னர் கரண்ட் ஒழுங்காக வருகிறதா என்று பார். கொழும்பிலிருந்து வந்தவர் துறைமுகத்தில் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு கருவியை மாற்றியிருந்தால், கரண்ட் ஒழுங்காகத்தானே வந்திருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. கரண்ட் அளக்கிற மல்ட்டிமீற்றரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனாள். சரீப் படகுகள் கட்டுகிற ஜெட்டியில் நின்றார். இராகுலன் படகில் நின்றான். அவள் படகின் விளிம்பில் கால் வைக்கப் போனபோது அவன் கையை நீட்டி மறித்தான். கடலுக்குப் போகிற படகில் பெண்கள் ஏறுவதில்லை, குறை நினைக்கவேண்டாம் என்று கீழே பார்த்துக்கொண்டே சொன்னான். சரீப் அவனை ஏச வாயெடுத்தார். பிரசாந்தினி அவரைத் தடுத்தாள்.

"பரவாயில்லை அண்ணா. மீற்றரை நீங்கள் பிடியுங்கோ, நான் இஞ்ச நிண்டு சொல்லுறன். நம்பரை மட்டும் வாசிச்சாப் போதும்."

சிவப்பு வயரை எங்கே வைப்பது, கறுப்பை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். கருவிக்குப் போகிற வயர் சுக்கான் அறைக்குள் முடிகிற இடத்தில் வைக்கச் சொன்னாள். கருவி வேலை செய்கிறது என்று காட்டுகிற பச்சை லைட்டும் அங்கேதான் இருந்தது. எஞ்சின் ஓடும்போது பதின்மூன்று தசம் எட்டு வோல்ட் என்று அவன் உள்ளேயிருந்து கத்தினான். எஞ்சினை நிறுத்தியதும் பன்னிரண்டு தசம் மூன்று. இது நல்ல இலக்கம். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. கொப்பியில் எழுதிவிட்டு, பின்னேரம் ஓய்வு எடுக்கும்போது என்னவெல்லாம் போட்டிருப்பார்களோ அதையெல்லாம் அப்படியே போடச் சொன்னாள்.

இராகுலன் வெளியே எட்டிப் பார்த்தான்.

"ரீவியையுமா?" என்றான்.

சரீப் அவனைப் பார்த்தார். படகில் ரீவி இருப்பது அவருக்கே அன்றுதான் தெரியும். போன வருடம் பொடியன்கள் சேர்ந்து வாங்கியதாம். பென் டிரைவில் படம் கொண்டுபோய்ப் பார்ப்பார்களாம். அதற்கென்று ஒரு இன்வேர்ட்டரும் பூட்டியிருந்தார்களாம்; ஒரு காற்றாடி ஓடுவதும் ஏழு பேரின் போன்கள் சார்ஜ் ஆவதும் அதிலேதானாம்.

ரீவியைப் போட்டதும் பதினொன்று தசம் நான்கு. காற்றாடியும் போன்களும் சேர்ந்ததும் பத்து தசம் ஆறு. இரண்டு நிமிடம் கழித்து இராகுலன் அவசரமாகக் கூப்பிட்டான். என்ன நடந்தது என்று அவள் ஜெட்டியின் ஓரத்துக்கே வந்துவிட்டாள்.

"பச்சை லைட் நிண்டிட்டுது," என்றான் இராகுலன். ரீவியை அவனே நிறுத்திப் பார்த்தான். லைட் வந்தது. திரும்பப் போட்டான், கொஞ்ச நேரத்தில் நின்றது. யாரும் சொல்லாமலே மூன்றாம் முறையும் செய்து பார்த்தான். பிறகு படகின் விளிம்புக்கு வந்து அவளுக்குக் கை கொடுத்தான்.

"தங்கச்சி, செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ. அந்த வயர் எங்கயால போகுதெண்டு நீங்களே வந்து பாத்தாத்தான் சரி."

அவள் ஏறினாள். டீசலும் மீனும் ஈரக்கயிறும் கலந்த வாசம் முகத்தில் அடித்தது. சுக்கான் அறைப் பலகையைக் கழற்றிப் பார்த்தபோது விஷயம் துலங்கியது. இன்வேர்ட்டருக்கென்று தனி வயர் இழுக்காமல், கருவிக்குப் போகிற மெல்லிய வயரிலேயே ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஒட்டுப்போட்ட இடம் உப்பேறிக் கறுத்துக் கிடந்தது. பற்றரிகளும் பழசு.

ரீவியைத் தூக்கிக் கடலில் போடுவேன் என்றார் சரீப். ஒரு மாதம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு இருக்கிறவர்களுக்கு அதுவும் இல்லாவிட்டால் எப்படி என்று இராகுலன் மெதுவாகச் சொன்னான். பிரசாந்தினி இருவரையும் பார்த்தாள். கருவிக்கு மட்டும் தனியாக ஒரு சிறிய பற்றரியும் கூரையில் ஒரு சோலர் தகடும் வைத்தால் ரீவி தன்பாட்டில் ஓடட்டும் என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, அதை எப்படிச் செய்வது என்று வீட்டுக்குப் போய் மூன்று நாட்கள் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. றுமைஸ் பற்றரி கொண்டுவர உதவினார். வயரை இராகுலனும் அவளுமாக இழுத்தார்கள். நடந்ததை எல்லாம் இலக்கங்களோடு எழுதி, பழைய கடிதத்துக்குப் பதிலாக அதை அலுவலகத்துக்குக் கொடுத்தார்கள். அனுமதி கிடைத்தது.

படகு இருபத்தாறு நாட்கள் கடலில் நின்றது. அந்த நாட்களில் அவள் சரீப்புக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை போன் எடுத்தாள். படகு வந்து சேர்ந்ததும் அவர் அலுவலகத்திலிருந்து நேராகக் கடைக்கு வந்து ஒரு தாளை மேசையில் வைத்தார். தவறிய அறிவிப்புகள் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள்.

கதை ஜெட்டி முழுக்கப் பரவியது. ஒரு மாதத்துக்குள் நான்கு படகுக்காரர்கள் றுமைஸின் கடைக்கு அவளைத் தேடி வந்தார்கள். கருவிகளைக் கொடுக்கிற கொழும்புக் கொம்பனியிலிருந்து ஒரு பொறியியலாளர் போன் எடுத்து, பழுதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அரைமணித்தியாலம் கேட்டார். பட்டம் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. திருகோணமலைப் படகுகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். முதலில் ஒரு வருட ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் பதவி என்ற இடத்தில் களத் தொழில்நுட்பவியலாளர் என்று எழுதியிருந்தது. அப்பா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். பென்சன் இல்லை என்று கவலைப்பட்டார். ஆனால் அடுத்த நாள் பக்கத்து வீட்டில் அவர் அந்தப் பதவியை எழுத்துக்கூட்டிச் சொல்வது அவளுக்கு மதிலுக்கு இந்தப் பக்கம் கேட்டது.

எல்லாம் அத்தனை சுலபமாக அமையவில்லை. இரண்டாவது மாதம் வந்த படகில் அவளுடைய கணக்குப் பிழைத்தது. அந்தப் படகில் ரீவி இல்லை, புதிய பற்றரிகள், மீற்றரில் இலக்கம் அசையவே இல்லை. ஆனாலும் அறிவிப்பு நினைத்த நேரத்தில் நின்றது, நினைத்த நேரத்தில் வந்தது. அட்டவணை போட்டும் ஒரு ஒழுங்கும் அகப்படவில்லை. மூன்று நாட்கள் ஜெட்டியில் இருந்து பார்த்துவிட்டு, படகைக் கொஞ்சத் தூரம் வெளியே கொண்டுபோகச் சொன்னாள். அப்பா துறைமுகத்தில் வேலை செய்தும், அவள் அன்றுதான் முதன்முதலாகக் கடலிலிருந்து ஊரைப் பார்த்தாள். குடாவைத் தாண்டி அலை எழும்பியதும் படகு சாய்ந்தது. பச்சை லைட் அணைந்தது. மறுபக்கம் சாய்ந்தது, லைட் வந்தது. அவள் வாந்தியை அடக்கிக்கொண்டு கூரையில் ஏறி, கருவியின் அடியில் வயர் சேர்கிற முனையைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே செம்பு பச்சை பிடித்துப் பொடிப்பொடியாகக் கொட்டியது.

அன்று கரையில் இறங்கிய பிறகும் அவளுடைய மனம் அந்தப் பச்சைப் பொடியிலேயே இருந்தது. கணினிப் படிப்பு அவளை ஜெட்டிவரை கொண்டுவந்து விட்டிருந்தது; அதற்கப்பால் கடல், உப்பு, கரண்ட் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தான் படித்த பயிற்சி நிலையத்தில் விசாரித்தபோது, சனி ஞாயிறுகளில் மின்னியல் வகுப்பொன்று நடக்கிறது என்றார்கள். பெரும்பாலும் வீட்டுக்கு வயரிங் செய்கிறவர்கள் படிக்கிற வகுப்பு. பெயர் கொடுத்தாள்.

தை மாதம் வகுப்புத் தொடங்கியது. பதினாறு பேரில் அவள் ஒருத்திதான் பெண். முதல்நாள் பாடம் முடிந்து ஆசிரியர் ஏதும் கேள்வி இருக்கிறதா என்று கேட்டபோது அவள் எழும்பினாள். கடற்காற்றுப் பட்டால் செம்பு ஏன் பச்சையாகிறது, அந்தப் பச்சையால் ஏன் கரண்ட் போகமாட்டேன் என்கிறது என்று கேட்டாள். ஆசிரியர் சுண்ணக்கட்டியை எடுத்து அந்தக் கேள்வியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதினார். புத்தகத்தில் வடிவாகப் பார்த்துவிட்டு வந்து அடுத்த சனிக்கிழமை சொல்வதாகச் சொன்னார்.