நான்கு அட்டைகளில் ஒரு கணினி

இலங்கையின் பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து கணினி படித்துத் தேறிய முதல் ஆள் என் தங்கை ஜீவராணி. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் அவள் சொன்னதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

சென்ற வருடம் தோட்டப் பாடசாலையில் கணினி வகுப்புத் தொடங்க அவள் அனுமதி கேட்டாள். அங்கே இருந்தது ஒரே கணினி. எப்படிப் படிப்பிப்பாள் என்று பார்க்க, நவம்பர் 16ஆம் தேதி கல்வி அதிகாரி ஸமீம் வந்தார். அவர் சரி என்றால்தான் வகுப்பு.

ஜீவராணி கணினியைத் தொடவில்லை. கொழுந்து பறிக்கும் பிள்ளைகளின் தாய்மார் நால்வரை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கோர் அட்டை கொடுத்தாள். முதல் அட்டை: ‘நான்காம் அட்டையிலுள்ள எண்ணை விடையில் கூட்டு.’ இரண்டாவது: ‘விடையைப் பலகையில் எழுது.’ மூன்றாவது: ‘முதல் அட்டைக்குப் போ.’ நான்காவதில் வெறும் 3. விடை பூஜ்யத்தில் தொடங்கும்.

“முந்தி கணினியோட வேலையை மாத்தணும்னா வயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டணும் சார், நாள்கணக்கா. 1948ல மான்செஸ்டர்ல ஒரு மெஷின் ஓடுச்சு. அதுல செய்யவேண்டிய வேலையும் எண்ணும் ஒரே நினைவகத்துல இருந்துச்சு. இந்த நாலு பேருதான் அந்த நினைவகம்” என்றாள்.

முதல் அட்டையை உரக்க வாசித்தாள். அதை வைத்திருந்த விஜயலெட்சுமி அட்டையை மேசையில் போட்டுவிட்டு வெளியே நடந்தார். மற்ற மூவரும் தங்கள் அட்டையை வாசித்ததும் அப்படியே. பலகையில் 3 விழுந்தது. மூன்றாம் அட்டை சொன்னபடி முதல் இடத்துக்குத் திரும்பினால், அங்கே ஆள் இல்லை.

“உங்க கணினி வீட்டுக்குப் போயிருச்சே டீச்சர்” என்றார் ஸமீம். பின்னால் இருந்த நான் அதையும் எழுதிக்கொண்டேன்.

“ஏன்க்கா போனீங்க?” என்று ஜீவராணி வாசலில் நின்று கேட்டாள்.

“காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல பேரைக் கூப்பிட்டா கொழுந்து மலைக்குக் கெளம்பிறணும். சும்மா நின்னா கங்காணி ஏசுவாருல்ல புள்ள” என்றார் விஜயலெட்சுமி.

ஜீவராணி சிரித்துவிட்டாள். “அந்த மெஷினும் இப்படித்தான் சார். பழைய டிவியோட படக்குழாய் மாதிரி ஒண்ணுலதான் எல்லாத்தையும் வச்சிருந்தாங்க. வாசிச்சா அழிஞ்சிரும். அதனால வாசிச்ச கையோட திரும்ப எழுதிருவாங்க.”

நால்வரையும் அழைத்து வந்தாள். இம்முறை வாசித்த அட்டையை உடனே அவரவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். 3, 6, 9, 12 என்று பலகை நிரம்பியது.

ஸமீம் எழுந்து, முதல் அட்டையில் ‘கூட்டு’ என்பதை வெட்டி ‘கழி’ என்று எழுதினார். யாரும் இடம் மாறவில்லை. 9, 6, 3.

“ஒரு வயரும் பிடுங்கலயே” என்றார் விஜயலெட்சுமி.

ஸமீம் அங்கேயே படிவத்தை வாங்கிக் கையெழுத்திட்டார். “ஜனவரியில தொடங்குங்க டீச்சர். இந்த நாலு பேரையும் ஒரு நாளைக்குப் பதுளையில எங்க ஆபீசுக்கு அனுப்புங்க. எங்க ஆசிரியர்களுக்கும் காட்டணும்.”

“வேன் வந்தா வாறோம் சார்” என்றார் விஜயலெட்சுமி.