மீன் கேமுக்கு மூன்று வாக்கு

ஏறாவூரில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் றம்ஸீனுக்கு வயது முப்பத்தாறு. முன்தலை வழுக்கை விழுந்துவிட்டது, இரண்டு பிள்ளைகளுக்கு வாப்பா. இருந்தும் டிசம்பர் பிறந்தால் அவனும் அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பையன்களாகிவிடுவார்கள். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கடையின் சட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டு, அந்த வருடத்தின் ஆகச் சிறந்த வீடியோ கேம் எது என்று சண்டை பிடிப்பார்கள். ஊரில் வேறு பிரச்சினையே இல்லை பாருங்கள்.

மருந்துக் கடையில் நிற்கும் றிப்ஷான் வாள்வீச்சுக் கதைகளின் ஆள். ஒரே கேமை மூன்று தரம் முடித்துவிட்டு, நான்காம் தரமும் கதாநாயகன் சாகும்போது மூக்கைச் சிந்துவான். ஆட்டோ ஓட்டும் ஸியாமுக்குக் கிரிக்கெட்டை விட்டால் உலகமே கிடையாது. போன வருடத்துக் கேமுக்கும் இந்த வருடத்துக் கேமுக்கும் உடுப்பின் நிறம்தான் வித்தியாசம் என்று மற்ற இருவரும் நக்கலடித்தால், பந்து திரும்புகிற விதமே வேறு என்று ஒரு தேசிக்காயைக் கையில் உருட்டிக்காட்டி விளக்கம் கொடுப்பான்.

அவர்களுக்குள் சட்டம் ஒன்றே ஒன்றுதான். முடித்த கேமுக்குத்தான் வாக்கு. கதை என்றால் கடைசிக் காட்சி பார்த்திருக்க வேண்டும், கிரிக்கெட் என்றால் கிண்ணம் தூக்கியிருக்க வேண்டும். அதனால் றம்ஸீனின் மீன் கேம் எந்த வருடமும் போட்டிக்குள் வந்ததில்லை. அதில் ஓர் ஏரி, ஒரு தோணி, தூண்டில். மீன் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான், முடிவு என்று ஒன்று இல்லை.

“வாவி பக்கத்தில கிடக்கு, நீ போனுக்குள்ள மீன் புடிக்கிறாய்” என்பான் ஸியாம்.

றம்ஸீன் அந்தக் கேமுக்குள் போனது மீனுக்காக அல்ல. அவனுடைய மூத்த சகோதரர் ஸாஹிர் காக்கா கட்டாரில் லொறி ஓட்டுகிறார். உம்மா மௌத்தானபோது லீவு கிடைக்காமல் ஜனாஸாவுக்கு வர முடியாமல் போனது. அதற்குப் பிறகு போன் எடுத்தால் “சுகமா, சுகம்” என்பதோடு வைத்துவிடுவார். வீடியோவில் வரவே மாட்டார். உம்மா இல்லாத வீட்டைப் பார்க்கப் பயம் என்று தம்பிக்கு விளங்கியது. விளங்கி என்ன செய்ய? சும்மா இருக்கட்டும் என்று இந்தக் கேமை அனுப்பிவைத்தான். ஒரே தோணியில் இருவர் ஏறலாம், பேசிக்கொண்டே விளையாடலாம்.

ஒருநாள் கேமுக்குள் மழை கொட்டி ஏரித் தண்ணீர் ஏறிவிட்டது. ஒரு பக்கம் மணல்திட்டு, அதற்கப்பால் கடல். மட்டக்களப்பு வாவியோடு வளர்ந்தவனுக்கு அதைக் கண்டால் வேறு யோசனை வராது. மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடவேண்டும், இல்லாவிட்டால் வயல் வட்டையெல்லாம் அழிந்துபோகும்.

“வெட்டுவமாடா?” என்றார் காக்கா.

இருவரும் துடுப்பால் மணலைக் குத்து குத்தென்று குத்தினார்கள். கேமில் அப்படியொரு ஏற்பாடே இல்லை, அந்த மணல் வெறும் படம். எந்த நாட்டிலோ இருந்து விளையாடிய ஒருவன் தோணியை நிறுத்தி, உங்களுக்கு ஏதும் சுகமில்லையா என்று எழுதிக் கேட்டான். அவனுக்கு எங்கே போய் விளங்கப்படுத்துவது? குத்திக்கொண்டிருந்தபோதுதான் காக்கா திடீரென்று கேட்டார்.

“உம்மாவ எந்தப் பக்கம் அடக்கின? வாப்பாக்குப் பக்கத்திலயா?”

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் மணல் குத்துவதே அவர்களின் விளையாட்டு. கைக்கு வேலை இருந்தால்தான் காக்காவின் வாய் திறக்கும் போலிருந்தது. உம்மா கடைசியாக என்ன சாப்பிட்டார், தன்னைக் கேட்டாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். தம்பி சொல்லச் சொல்ல மறுபக்கம் விசும்பல் கேட்கும்.

இந்த நவம்பரில் கேம் கம்பனிக்காரர்கள் அறிவித்துவிட்டார்கள். விளையாட ஆள் போதாதாம், வருடக் கடைசியோடு மூடப்போகிறார்களாம். றம்ஸீன் மூடவேண்டாமென்று கெஞ்சி எழுதினான். உங்கள் அன்புக்கு நன்றி என்று பதில் வந்தது. தண்ணீரில் விழுந்த போனுக்கெல்லாம் உயிர் கொடுக்கிறவன், இதில் கழற்றிப்பார்க்க ஓர் ஆணிகூட இல்லாமல் தவித்துப்போனான். வேறு மீன் கேம்களுக்குக் காக்காவை அழைத்துப் பார்த்தான். “இதில மணல் இல்லயேடா” என்று அவர் இறங்கிவிட்டார்.

ஆகவே இந்த முறை கடையில் றம்ஸீன்தான் முதலில் வாய் திறந்தான். “என்ட வாக்கு மீன் கேமுக்கு.”

“முடிவில்லாததுக்கு வாக்கில்ல மச்சான்” என்றான் ஸியாம்.

“மூடுறானுகள். இப்ப அதுக்கும் முடிவு இரிக்கு.”

“மூடுறதும் முடிக்கிறதும் ஒண்டா?” றிப்ஷான் வரிந்துகட்டிக்கொண்டு வந்தான். “கதை இரிக்கா? படமாவது வடிவா இரிக்கா? அந்தத் தண்ணி சாயம் போன சாறன் மாதிரி. அதில என்னத்தக் கண்டாய், சொல்லு.”

றம்ஸீன் சொன்னான். இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னான், மணலை, உம்மாவை, காக்கா கேட்ட கேள்விகளை. ஸியாம் தேசிக்காயை மேசையில் வைத்தான்.

“என்டதும் அதுக்குத்தான்” என்றான்.

“என்டதும்” என்றான் றிப்ஷான்.

சண்டையே இல்லாமல் முடிந்தது. றம்ஸீனுக்கு ஆத்திரமாக வந்தது. வழக்கம்போல அடித்துப் பேசித் தோற்கடித்திருந்தால் மனம் ஆறியிருக்கும். மௌத்து வீட்டில் பேசுவதுபோல் பேசினால் என்ன செய்வது?

போனை எடுத்துக் கேமைத் திறந்தான். கட்டாரிலும் வெள்ளி லீவுதான். காக்கா தோணியில் காத்திருந்தார்.

“காக்கா, நம்மட கேம்தான் இந்த வருஷம் வெண்டிச்சு. மூண்டு வாக்கும் அதுக்குத்தான்.”

காக்கா சிரித்தார். உம்மா போனதற்குப் பிறகு அந்தச் சிரிப்பை றம்ஸீன் கேட்டதில்லை. சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

“அப்ப மூடமாட்டானுகள்தானே?”

இது கடைக்குள் எடுத்த வாக்கு, நம் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று றம்ஸீன் சொல்லத்தான் வேண்டும். சொல்ல முடியவில்லை.

“தெரியல்ல காக்கா.”

“கேட்டுப் பாரேன்டா” என்றார் அவர். “விளையாட நாலு பேர் இரிக்கம் எண்டு சொல்லு, என்னையும் சேத்து.”