அம்மா தனியே இல்லை

அன்று வீட்டில் இருந்தவர்கள் அம்மா, நான், அரசு மானிய வீட்டு அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்த தமிழ்ப் பெண். வீட்டிலுள்ளவர்களின் வருமானத்தைப் பார்த்தே வாடகை போடுவார்கள்; வேலைக்குப் போகும் மகன் கூட இருந்தால் அது ஏறும் என்பதால், நான் அங்கு தங்குவதை அறிவிக்கவில்லை. "தனிய இருக்கிறன் எண்டு சொல்லணை" என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன்.

"தனியவோ இருக்கிறியள் அன்ரி?" என்று அந்தப் பெண் கேட்டார்.

அம்மாவுக்கு ரோசம் வந்துவிட்டது.

"ஏன், நான் என்ன பிள்ளை பெறாதவளே? மகன் என்னோடதான் இருக்கிறான்."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார்.

"நாங்களாக் கண்டுபிடிச்சிருந்தா மானியமே போயிருக்கும் அண்ணை. இப்பவே பதியுங்கோ."

அன்றே சம்பளச் சீட்டைக் கொடுத்துப் பதிந்தேன். அம்மாவுக்கு வீடு தப்பியது. இப்போது சம்பளம் மாறினாலும் உடனே போய்ச் சொல்லிவிடுகிறேன். முன்பு வாடகை இருநூற்றுப் பத்து டொலர். இப்போது எழுநூற்று நாற்பது.